பிணைப்பிள்ளை கட்டிய பேரரசு

ஒரு குலத்தின் எழுச்சியைச் சொல்ல வரும் வரலாற்று நூல்கள் போர்களை வரிசைப்படுத்துவது வழக்கம். எந்த ஆண்டில் எந்தக் களம், வென்றவர் யார், வீழ்ந்தவர் யார், பிடிபட்ட கோட்டைகள் எத்தனை என்று அவை கணக்குக் கொடுக்கும். அக்கணக்கு தேவையானதே. ஆயினும் ஒரு குலம் உயர்ந்து செல்லும் வழியெங்கும் வேறொரு கணக்கும் கூடவே எழுதப்பட்டு வருகிறது. யாருடைய பிள்ளை யாரிடம் ஒப்படைக்கப்பட்டான், எந்தத் தாய் எந்த வாசலில் பிரிக்கப்பட்டாள், எந்த மனைவி யாருடைய வாக்குக்கு ஈடாக வைக்கப்பட்டாள் என்பதே அந்தக் கணக்கு.

ஜப்பான் நாட்டை 1603 முதல் 1867 வரை ஆண்ட டோக்குகாவா குலத்தின் வரலாற்றை இந்த இரண்டாம் கணக்கின் வழியாகக் காண நாம் முற்படுகிறோம். அக்குலத்தை எழுப்பிய இயெயாசு, 5 வயது நிறையும் முன்பே பகைவர் கையில் பிணையாகப் போய், 17 வயதில்தான் சொந்தக் கோட்டைக்குத் திரும்பியவர். பிணையாக வளர்ந்த அவரும் அவருடைய வழித்தோன்றல்களும் ஒரு நாட்டையே பிணையின்மேல் நிறுத்தினார்கள். அந்த நாட்டில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லாமல் போனதன் காரணமும் இக்கணக்கைப் படித்தால் ஓரளவு விளங்கும்.

மலைச்சாரலில் ஒரு சிறுகுடி

கியோத்தோ நகரில் பேரரசர் இருந்தார். அவர் பெயரால் நாட்டை ஆளவேண்டிய படைத்தலைவரான ஷோகனும் இருந்தார். ஆனால் 1467-இல் மூண்ட ஓனின் போருக்குப் பின்னர் அவ்விருவர் சொல்லும் தலைநகருக்கு அப்பால் செல்லுபடியாகவில்லை. டைம்யோ எனப்படும் குறுநிலத் தலைவர்கள் தத்தம் கோட்டைகளில் அமர்ந்து ஒருவரோடொருவர் பொருதனர். அவர்களுக்கு வாளேந்தி ஊழியம் செய்த குடியினரே சாமுராய்கள். நூறாண்டுக்கு மேல் நீடித்த இக்குழப்பத்தைப் 'போரிடும் நாடுகளின் காலம்' என்று ஜப்பானியர் அழைப்பர்.

இக்காலத்தில் மிக்காவா என்னும் சிறுநாட்டில், மத்சுதைரா என்ற மலைச்சிற்றூரிலிருந்து சமவெளிக்கு இறங்கி வந்த ஒரு குடி இருந்தது. ஊர் ஊராகத் திரிந்த துறவி ஒருவர் அவ்வூர்த் தலைவரின் வீட்டில் மணம் புரிந்து தங்கினார் என்றும், அவரே தங்கள் மூதாதை என்றும் அக்குடியினர் சொல்லிக்கொண்டனர். ஒகசாக்கிக் கோட்டை அவர்கள் கைக்கு வந்தபோது அவர்கள் பெயர் அக்கம்பக்கத்தில் கேட்கத் தொடங்கியது. ஆனால் மேற்கே ஒவாரி நாட்டில் ஓடா குலமும், கிழக்கே சுருகா நாட்டில் இமகாவா குலமும் வலிமையோடு நின்றன. இரு களிறுகள் பொருதும் இடத்தில் முளைத்த புல்லின் நிலை மத்சுதைராக்களுடையது.

இயெயாசுவின் பாட்டனார் கியொயாசு துணிவுமிக்கவர். அவர் 1535-இல் ஒரு படையெடுப்பின் நடுவே தம் ஊழியன் ஒருவனாலேயே வெட்டுண்டு மாண்டார். அவருடைய மகன் ஹிரொத்தாதா அப்போது சிறுவன். இமகாவா குலத்தின் துணையால்தான் அவருக்குக் கோட்டை மீண்டும் கிடைத்தது. துணை செய்தவன் விலை கேட்பான் என்பது உலக வழக்கு. அந்த விலையைச் செலுத்தும் முறை அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது.

1543ஆம் ஆண்டு ஜனவரி 31-இல் ஒகசாக்கிக் கோட்டையில் ஹிரொத்தாதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தக்கெச்சியோ என்று பெயரிட்டனர். அவனுடைய தாய் ஓதாய், மிசுனோ குலத்துப் பெண். அவளுடைய தமையன் ஓடா பக்கம் சாய்ந்ததும், இமகாவாவின் ஐயத்துக்கு ஆளாக அஞ்சிய ஹிரொத்தாதா 1544-இல் மனைவியைப் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். குழந்தைக்கு 2 வயதுகூட நிறையவில்லை. பின்னாளில் ஷோகன் ஆகப்போகிறவன் தன் குலத்தின் பாதுகாப்புக்காக முதலில் இழந்தது தன் தாயை.

1547-இல் இமகாவாவிடம் மீண்டும் படையுதவி கேட்க நேர்ந்தது. உண்மையாக நடந்துகொள்வதற்கு ஈடாக மகனை அனுப்பு என்றார்கள். அக்காலத்தில் உடன்படிக்கை ஓலைக்கு மதிப்பு குறைவு. சொன்ன சொல் தவறினால் கொல்லத்தக்க ஒரு பிள்ளை கையில் இருந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். தக்கெச்சியோ புறப்பட்டான். வழியில் துணைவந்தவர்களே அவனை ஓடா குலத்தாரிடம் கொண்டுபோய் விட்டார்கள் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. தந்தையே ஓடாவுக்குப் பணிந்து கொடுத்திருக்கலாம் என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும் சிறுவன் ஒவாரியில் இரண்டாண்டுகள் இருந்தான். 1549-இல் ஹிரொத்தாதா இளவயதிலேயே இறந்தார். அதே ஆண்டு இமகாவா படை ஓடா குலத்து மகன் ஒருவனைச் சிறைபிடித்தது. அவனுக்கு மாற்றாக தக்கெச்சியோ கைமாறினான். தகப்பனில்லாத பிள்ளை இமகாவாவின் தலைநகராகிய சும்புவுக்குப் போய்ச் சேர்ந்தான்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவுகூர்வது பொருத்தமாகும். தக்கெச்சியோ பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1542-இல், புனித பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே பணி தொடங்கியிருந்தார். அதே சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் தென்கோடியிலுள்ள ககொஷிமாவில் கரையிறங்கினார். அவ்வாண்டின் இறுதியில் சிறுவன் சும்புவை அடைந்தான். நம் கடற்கரையில் செபங்களைக் கற்பித்த குருவின் மக்களும் இந்தப் பிணைப்பிள்ளையின் ஆட்சியும் ஒருநாள் எதிரெதிரே நிற்கப் போவதை அன்று யார் அறிவார்?

சும்புவில் கழிந்த ஆண்டுகள்

சும்புவில் சிறுவனை எவரும் துன்புறுத்தவில்லை. கல்வியும் போர்ப்பயிற்சியும் கிடைத்தன. 1555-இல் அவன் ஆளான சடங்கு நடந்தபோது, தலைவர் இமகாவா யொஷிமொத்தோ தம் பெயரின் ஒரு பகுதியை அவனுக்கு அளித்தார். தம் உறவுப்பெண்ணையும் மணம் செய்து வைத்தார். பெயர், மனைவி, உணவு, வாள் ஆகிய அனைத்தும் பிணை பிடித்தவர் கொடுத்தவை. அங்கே ஒகசாக்கியில் மத்சுதைராவின் பழைய ஊழியர்கள் வறுமையில் உழன்றனர். நாட்டின் வருவாய் இமகாவாவின் அலுவலர்களுக்குச் சென்றது. போர் வந்தால் மிக்காவாக்காரர்கள் முன்னணியில் நிறுத்தப்பட்டனர். என்றாவது எங்கள் இளையவர் திரும்பி வருவார் என்று அவர்கள் பொறுத்திருந்தனர். பிற்காலத்தில் டோக்குகாவா படையின் முதுகெலும்பாக நின்றவர்கள் இவர்களும் இவர்களுடைய மக்களுமே.

1560-இல் யொஷிமொத்தோ பெரும்படையுடன் ஒவாரிமீது சென்றார். ஒக்கெஹசாமா என்னுமிடத்தில் ஓடா நொபுநாகாவின் சிறிய படை எதிர்பாராத தாக்குதலில் அவரைக் கொன்றது. பிணைப்பிள்ளையைக் கட்டியிருந்த கை அறுந்தது. இமகாவா காவற்படை தானாகவே ஒகசாக்கியை விட்டு அகலும்வரை அருகிலிருந்த ஒரு கோவிலில் காத்திருந்து, பின்னரே அவர் தம் கோட்டைக்குள் நுழைந்தார். 1562-இல் நொபுநாகாவோடு உடன்படிக்கை செய்துகொண்டார்.

ஆனால் அவருடைய மனைவியும் மகன் நொபுயாசுவும் மகளும் இன்னும் சும்புவில் இருந்தனர். அவர்களை மீட்க அவர் கையாண்ட வழி யாது? இமகாவா பக்கத்துக் கோட்டை ஒன்றைத் தாக்கி, அதன் தலைவரின் இரு பிள்ளைகளைப் பிடித்தார். அப்பிள்ளைகளைக் கொடுத்துத் தம் குடும்பத்தைப் பெற்றுக்கொண்டார். தாம் எந்தத் துலாக்கோலில் நிறுக்கப்பட்டாரோ அதே துலாக்கோலை 19 வயதில் அவர் தம் கையில் எடுத்தார். அடுத்த ஆண்டில் யொஷிமொத்தோ அளித்த பெயர்ப்பகுதியைக் களைந்து இயெயாசு ஆனார். 1566-இல் பேரரசரின் அவை இசைவளிக்க, மத்சுதைரா என்ற குடிப்பெயரை மாற்றி டோக்குகாவா என்ற பெயரைச் சூடினார். மலைச்சிற்றூர்க் குடிக்குப் பழம்பெரும் குலமரபு ஒன்றும் எழுதப்பட்டது. பின்னாளில் ஷோகன் பதவிக்கு அந்த மரபு உதவிற்று.

இதற்கிடையே 1563-64-இல் அவர் மறக்கவியலாத பாடம் ஒன்றைக் கற்றார். அமித புத்தரின் அருளை மட்டும் நம்பி வாழ்ந்த ஒரு பௌத்தப் பிரிவினர் மிக்காவாவில் பலர். அவர்களுடைய கோவில்களின் பழைய உரிமைகளில் தலைவர் கைவைத்தபோது அவர்கள் ஆயுதம் ஏந்தினர். இயெயாசுவின் சொந்த ஊழியர் பலரே அவர்களோடு சேர்ந்துகொண்டனர். பதின்மூன்று ஆண்டுகள் தமக்காகப் பசித்துக் காத்திருந்த மனிதர்கள், தெய்வமா தலைவரா என்ற கேள்வி வந்தபோது எதிர்வரிசையில் நின்றதை அவர் கண்டார். வென்றபின் ஊழியர்களை மன்னித்தார், கோவில்களை இடித்தார். கலகக்காரர் பக்கம் நின்று நாட்டைவிட்டே போன ஹொந்தா மசநொபு, பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பிவந்து அவருக்கு மிக நெருங்கிய ஆலோசகரானார். சமயப்பற்று எப்படிப்பட்ட ஆற்றல் என்பதை உள்ளிருந்தே அறிந்த ஆலோசகர் அவர்.

1579

டோக்குகாவா குலம் உயர்ந்துகொண்டே சென்றது. கிழக்கே தக்கேதா குலத்தோடு பல ஆண்டுகள் போர் நடந்தது. நட்பின் அடையாளமாக நொபுநாகா தம் மகளை இயெயாசுவின் மகன் நொபுயாசுவுக்கு மணம் செய்து கொடுத்திருந்தார். அந்த நொபுயாசு, குழந்தையாகச் சும்புவில் சிக்கியிருந்து மீட்கப்பட்டவன் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1579-இல் இயெயாசுவின் மனைவியும் நொபுயாசுவும் தக்கேதாவோடு கூடிச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நொபுநாகாவின் கட்டளைக்கு இயெயாசு பணிய நேர்ந்தது என்பது நெடுநாள் வழங்கிவந்த விளக்கம். குலத்துக்குள்ளேயே இரு கட்சிகள் மோதியதன் விளைவு என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. முடிவில் மாற்றமில்லை. மனைவி வழியில் கொல்லப்பட்டார். இருபது வயதான மூத்த மகன் ஃபுத்தமாத்தாக் கோட்டையில் தன் வயிற்றைக் கிழித்து உயிர்விடுமாறு பணிக்கப்பட்டான். பிறர் பிள்ளைகளைக் கொடுத்து மீட்ட மகனைத் தந்தை குலத்துக்காகக் கொடுத்துவிட்டார்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி இயெயாசு என்ன எண்ணினார் என்று நாம் கற்பனை செய்யத் தேவையில்லை. நொபுநாகாவோடு கொண்ட உடன்படிக்கையை அவர் முறிக்கவில்லை என்பது மட்டும் வரலாறு. 1582-இல் நொபுநாகா தம் படைத்தலைவராகிய அக்கெச்சி மித்சுஹிதேயின் துரோகத்தால் இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது.

தாயையும் கொடுத்தவர்

நொபுநாகாவுக்குப் பின் எழுந்தவர் ஹிதெயோஷி. குடியானவர் வீட்டில் பிறந்து நாட்டின் தலைமைக்கு வந்தவர். 1584-இல் இயெயாசுவோடு போரிட்டார், வெல்ல முடியவில்லை. சமாதானத்தின்போது இயெயாசு தம் இரண்டாம் மகனை அவரிடம் வளர்ப்பு மகன் என்ற பெயரில் அனுப்பினார். பெயர் எதுவாயினும் பொருள் பிணைதான். அப்படியும் நேரில் வந்து பணிய அவர் இசையவில்லை.

1586-இல் ஹிதெயோஷி செய்தது வியப்பானது. நடுவயதைக் கடந்த தம் தங்கையைக் கணவனிடமிருந்து பிரித்து இயெயாசுவுக்கு மணமுடித்தார். அதன்பின் முதியவளான தம் தாயையே ஒகசாக்கிக்கு அனுப்பினார். மகளைப் பார்க்கப் போகிறார் என்று சொல்லப்பட்டது. இயெயாசு ஓசாக்காவுக்குப் பாதுகாப்பாகப் போய்த் திரும்பும்வரை அந்தத் தாய் பிணை. அவள் தங்கிய வீட்டைச் சுற்றி விறகு அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள் என்றும், தலைவருக்குத் தீங்கு நேர்ந்தால் கொளுத்திவிடும் எண்ணம் இருந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. இயெயாசு போனார், பணிந்தார், திரும்பினார். கிழவியும் திரும்பினாள். அரசியல் நூல்கள் இதை ஹிதெயோஷியின் சாதுரியம் என்று பாராட்டுகின்றன. அந்தத் தங்கையின் முதற்கணவனைப் பற்றி அவை அரை வரியே எழுதுகின்றன.

1590-இல் ஹிதெயோஷி இயெயாசுவின் பழைய நாடுகளை வாங்கிக்கொண்டு, கிழக்கே கன்ட்டோ சமவெளியை அளித்தார். அதன் விளைச்சல் மதிப்பு ஏறத்தாழ 24 இலட்சம் கோக்கு. ஒரு கோக்கு என்பது ஏறக்குறைய 180 லிட்டர் அரிசி. ஓர் ஆளின் ஓராண்டு உணவு எனக் கணக்கிடப்படுவது. சேறும் நாணலும் நிறைந்த கடற்கரையில் எடோ என்ற சிற்றூரை அவர் தலைமையிடமாக்கினார். இன்றைய தோக்கியோ அதுவே.

பிணையாக மறுத்த பெண்

1598-இல் ஹிதெயோஷி ஐந்து வயதுச் சிறுவனை வாரிசாக விட்டு இறந்தார். இரண்டாண்டுகளில் நாடு இரு கட்சியாயிற்று. கிழக்கே இயெயாசு, மேற்கே இஷிதா மித்சுநாரி. 1600-இல் இயெயாசுவைப் பின்பற்றிப் பல டைம்யோக்கள் கிழக்கே படையுடன் சென்றிருந்தபோது, அவர்களுடைய மனைவி மக்கள் ஓசாக்காவில் இருந்தனர். அவர்களைப் பிணையாகப் பிடித்துவிட்டால் கணவர்கள் கட்சி மாறுவார்கள் என்று மித்சுநாரி கணக்கிட்டார். முதலில் ஹொசொகாவா தாதாஒக்கியின் மாளிகைக்கு ஆட்களை அனுப்பினார்.

அம்மாளிகையில் இருந்தவர் கிராசியா. இயற்பெயர் தாமா. நொபுநாகாவுக்குத் துரோகம் செய்த மித்சுஹிதேயின் மகள். தந்தையின் குற்றத்துக்காக மலைப்புறத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டு, பின்னர் கணவரின் மாளிகையில் காவலோடு வாழ்ந்தவர். வெளியே செல்ல இசைவில்லாததால், 1587-இல் தம் தோழியான மரியாவின் கையாலேயே வீட்டுக்குள் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய வாழ்க்கை முழுவதும் மகளாகவும் மனைவியாகவும் யாரோ ஒருவருடைய ஈடாகவே கழிந்தது எனலாம்.

ஆட்கள் வந்தபோது அவர் போக மறுத்தார். தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வது கிறிஸ்தவ நெறிக்கு முரண் என்பதால் அதையும் செய்யவில்லை. கணவர் முன்னமே இட்டிருந்த கட்டளைப்படி, மூத்த ஊழியர் ஒருவர் அவரைக் கொன்று, மாளிகைக்குத் தீயிட்டு, தாமும் மாண்டார். பணிப்பெண்களை அவர் அதற்குமுன் வெளியே அனுப்பிவிட்டிருந்தார். இயேசு சபைக் குரு ஒர்கன்தீனோ அவருடைய எச்சங்களைத் திரட்டச் செய்து அடக்கம் செய்வித்தார். அவர் வயது 37. அம்மரணத்தின் அதிர்ச்சியால் மித்சுநாரி பிணைபிடிக்கும் திட்டத்தைத் தளர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

அதே ஆண்டு அக்டோபர் 21-இல் செக்கிகஹாராப் பள்ளத்தாக்கில் நடந்த ஒருநாள் போரில் இயெயாசு வென்றார். தோற்றவர்களில் கிறிஸ்தவத் தலைவரான அகுஸ்தீன் கோனிஷி யுக்கினாகாவும் ஒருவர். வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாளும் சாமுராய் மதிப்பை அவர் தம் நம்பிக்கையின் பொருட்டு மறுத்துவிட்டார். கியோத்தோவில் அவர் தலை வெட்டப்பட்டது.

நாடே பிணை

1603-இல் இயெயாசு ஷோகன் ஆனார். இரண்டே ஆண்டுகளில் பதவியை மகன் ஹிதெத்தாதாவுக்குக் கொடுத்து, அது இனி டோக்குகாவா குலத்தின் சொத்து என்று நாட்டுக்கு உணர்த்தினார். 1607-இல் அவர் ஓய்வுக்குத் தேர்ந்தெடுத்த ஊர் சும்பு. பிள்ளையாகப் பிணையிருந்த அதே ஊர்.

அங்கே அவருடைய அரண்மனைப் பெண்களுள் ஜூலியா என்ற கொரியப் பெண் ஒருத்தி இருந்தாள். ஹிதெயோஷியின் கொரியப் படையெடுப்பில் பிடிபட்டு, கோனிஷியின் வீட்டில் வளர்ந்து கிறிஸ்தவளானவள். கோனிஷி இறந்தபின் இயெயாசுவின் பணிக்கு வந்தாள். 1612-இல் வேதத்தை விடச் சொன்னபோது மறுத்தாள், தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டாள். பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டு அந்நியர் வீட்டில் வளர்ந்த ஒருவர், தம்மைப் போலவே பிடுங்கப்பட்ட ஒருத்தியை மீண்டும் பிடுங்கி எறிந்தார்.

ஓசாக்காவில் ஹிதெயோஷியின் மகன் ஹிதெயோரி வளர்ந்துகொண்டிருந்தான். தம் பேத்தி சென்ஹிமேயை ஏழு வயதிலேயே அவனுக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார் இயெயாசு. 1615-இல் ஓசாக்காக் கோட்டை வீழ்ந்தது. பேத்தி உயிரோடு மீண்டாள். ஹிதெயோரி மாண்டான், அவனுடைய எட்டு வயது மகன் கியோத்தோவில் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டு இயெயாசு சும்புவில் காலமானார்.

அவர் இட்ட அடித்தளத்தின்மேல் பேரன் இயெமித்சு 1635-இல் கட்டடத்தை முடித்தார். ஏறத்தாழ 260 டைம்யோக்களும் ஓராண்டு தம் நாட்டிலும் ஓராண்டு எடோவிலும் மாறிமாறி வாழவேண்டும் என்று விதிக்கப்பட்டது. மனைவியும் வாரிசும் என்றும் எடோவிலேயே இருக்கவேண்டும். சாலைச் சாவடிகளில் எடோவை நோக்கிச் செல்லும் துப்பாக்கிகளையும், எடோவை விட்டுச் செல்லும் பெண்களையும் காவலர் தேடினர். துப்பாக்கி உள்ளே வந்தால் கலகம். பெண்கள் வெளியே போனாலும் கலகம். ஒரு சிறுவன் சும்புவில் அடைந்த அனுபவம் இப்போது நாட்டின் சட்டமாயிற்று.

இச்சட்டம் பயன் தந்ததை மறுப்பது நேர்மையாகாது. நூறாண்டுப் போர் நின்றது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பெரும்போர் இல்லை. டைம்யோக்கள் ஆண்டுதோறும் நடந்த சாலைகளில் சத்திரங்களும் வணிகமும் பெருகின. எடோ 18ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் வாழும் நகராயிற்று. படிப்பும் கலைகளும் பரவின. வயலில் உழும் குடியானவன் தன் பயிர் மிதிபடாமல் அறுவடை செய்தான். அவன் அந்த அமைதியைச் சிறிதென்று எண்ணியிருக்க மாட்டான்.

ஈடு வைக்க முடியாதவர்கள்

இந்த அமைப்பில் கிறிஸ்தவர் ஏன் பொருந்தவில்லை? காரணங்கள் பல. ஸ்பெயினும் போர்த்துக்கலும் குருக்களுக்குப் பின்னால் படையனுப்பும் என்ற அச்சம் ஒன்று. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதை ஊதிவிட்டனர். 1612-இல் கிறிஸ்தவர் இருவர் தொடர்புடைய கையூட்டு வழக்கொன்று இயெயாசுவின் சினத்தை மூட்டியது. நம் தரப்பின் குறைகளையும் நாம் மறைக்கலாகாது. ஓமுரா சுமித்தாதா என்ற முதற் கிறிஸ்தவ டைம்யோவின் நாட்டில் 1574 முதல் கோவில்கள் அழிக்கப்பட்டு, குடிமக்கள் அனைவரும் திருமுழுக்குப் பெறும்படி செய்யப்பட்டனர். தலைவனின் நம்பிக்கைக்குக் குடிகளை ஈடு வைத்த செயல் அது.

ஆயினும் அடியில் ஓடிய காரணம் 1563-இல் மிக்காவாவில் கண்டதே என்று நமக்குத் தோன்றுகிறது. மனைவியைப் பிடித்தாலும் மகனைப் பிடித்தாலும் அசையாத ஒரு பற்று மனிதனுக்குள் இருக்கமுடியும் என்றால், பிணையின்மேல் நிற்கும் ஆட்சி என்னவாகும்? 1614-இன் தொடக்கத்தில் வேதம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. தகத்சுக்கிக் கோட்டையின் தலைவராயிருந்து, 1587-இலேயே வேதத்துக்காகத் தம் நிலம் முழுவதையும் துறந்த தக்காயாமா ஊக்கொன், இப்போது குடும்பத்தோடு மணிலாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். 1615 பிப்ரவரியில் அங்கே இறந்தார். திருச்சபை அவரை 2017-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. குலங்கள் உயரப் பாடுபட்ட காலத்தில், ஒரு குலத்தலைவர் மனமுவந்து கீழிறங்கினார் என்பதே அவருடைய சாட்சியம்.

அவருக்குப்பின் வந்தவை மேலும் கடுமையானவை. 1622-இல் நாகசாக்கியில் ஒரே நாளில் 55 பேர் மறைசாட்சிகளாயினர். அவர்களுள் பெண்களும் சிறு குழந்தைகளும் உண்டு. கடும் வரியும் வேதகலாபனையும் சேர்ந்து 1637-38-இல் ஷிமாபாராவில் கிளர்ச்சியாக வெடித்தன. ஹாராக் கோட்டையில் மாண்டவர்கள் 37,000 பேர் என்பது மரபுவழிக் கணக்கு. அதன்பின் பிணைமுறை அடித்தட்டு மக்கள்வரை இறங்கியது. ஐந்து வீடுகள் ஒரு குழு. ஒரு வீட்டில் கிறிஸ்தவன் அகப்பட்டால் மற்ற நான்கு வீடுகளும் பொறுப்பு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோவிலில் பதிவு பெறவேண்டும். திருவுருவத்தை மிதித்துக் காட்டவேண்டும். வேதத்தை விட்டவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமுறைகளாகக் கண்காணிக்கப்பட்டனர். ஒரு காலத்தில் டைம்யோவின் மகன் மட்டும் பிணை. இப்போது அண்டைவீட்டானுக்கு அண்டைவீட்டான் பிணை.

விடுதலை

1862-இல் மேலைநாட்டுக் கப்பல்களின் நெருக்கடியில் தளர்ந்த ஷோகன் ஆட்சி, எடோவில் தங்கும் விதியைத் தளர்த்தி, டைம்யோக்களின் மனைவி மக்கள் ஊர் திரும்ப இசைவளித்தது. பெண்களும் குழந்தைகளும் கூட்டம் கூட்டமாக எடோவை விட்டுச் சென்றனர். ஐந்தே ஆண்டுகளில், 1867-இல், 15ஆம் ஷோகன் ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுத்தார். ஆட்சி வீழ்ந்ததற்கு வேறு காரணங்கள் பல உண்டு. எனினும் அன்பால் கட்டப்படாதவர்கள் அவிழ்த்துவிட்டதும் போய்விடுவார்கள் என்பதற்கு அந்த ஐந்தாண்டு ஒரு சான்று.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, 1865 மார்ச் 17-இல், நாகசாக்கியில் வெளிநாட்டவருக்காகக் கட்டப்பட்டிருந்த ஓவுரா ஆலயத்துக்கு ஊரக்காமிக் குடியானவர் சிலர் வந்தனர். பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுக் குருவை அணுகி, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் தெரிவித்து, தேவ அன்னையின் திருவுருவம் எங்கே என்று கேட்டனர். குருவில்லை, கோவிலில்லை, நூலில்லை. இரண்டரை நூற்றாண்டாகத் தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் சொல்லிக்கொடுத்ததே அவர்கள் கைமுதல். அவர்களுக்கு மீண்டும் நாடுகடத்தல் காத்திருந்தது. 1873-இல்தான் வேதத்தைத் தடைசெய்த அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன.

டோக்குகாவா குலமும் பிள்ளைகளைக் கொடுத்தது. ஊரக்காமிக் குடியானவர்களும் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கொடுத்தனர். முன்னது, குலம் உயரப் பிள்ளையை விலையாகக் கொடுத்தது. பின்னது, பிள்ளை வாழ, தாங்கள் பெற்றதைக் கையளித்தது. ஓர் ஏழைக் குடிசையில் நள்ளிரவில் குழந்தையின் காதில் செபம் சொல்லிக்கொடுத்த தாயின் பெயரை எந்தக் குலமரபு ஏட்டிலும் காணமுடியாது.

இயெயாசுவைக் கொடியவர் என்று தள்ளிவிடுவது எளிது. அவர் கற்றதையே செய்தார் என்பது நம்மை இன்னும் அதிகமாக உறுத்த வேண்டும். துன்பம் தானாகவே எவருக்கும் இரக்கத்தைக் கற்றுத் தருவதில்லை. தான் பட்டதைப் பிறர் படாதிருக்கட்டும் என்று ஒருவர் முடிவு செய்தாலொழிய, அது வழிவழியாக இறங்கிக்கொண்டே போகும். நம் இல்லங்களிலும் குடும்பம் உயரவேண்டும் என்ற ஆசை உண்டு, அது தவறன்று. ஊரார்முன் நம் பெயர் நிற்கவேண்டும் என்பதற்காக மகளின் திருமணத்தையும் மகனின் படிப்பையும் ஈடு வைக்கும் வேளைகளும் உண்டு. நமக்கு அப்படித்தான் நேர்ந்தது, நாம் தாங்கவில்லையா என்று அப்போது நாம் சொல்லிக்கொள்கிறோம். சும்புவிலிருந்து திரும்பிய அந்த இளைஞனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பான் போலும். நம் பிள்ளைகள் நம் கையில் பிணையா, கொடையா என்று அவ்வேளையில் நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம்.